அத்தியாயம் 6: போர்ப் பகுதியில் அடுக்குமாடிக் கட்டடம் – காப்பும் கூட்டு வாழ்வும்

ஈழத்தில் போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்குப் பதுங்குகுழியை விளக்கத் தேவையில்லை. வீட்டு வளவில் குழி தோண்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, மண்மூட்டைகளைப் பரப்பி, ஒரு குடும்பம் தனக்கான காப்பைத் தானே அமைத்துக்கொண்டது. அடுக்குமாடியில் அந்த வழி இல்லை. ஐந்தாம் மாடியில் இருப்பவருக்குத் தோண்டுவதற்குச் சொந்த மண் கிடையாது. அவருடைய கூரை இன்னொரு வீட்டின் தரை. அவர் இறங்கவேண்டிய படிக்கட்டு எல்லோருக்கும் பொது. ஒதுங்கவேண்டிய நிலவறையின் சாவி வேறொருவரிடம் இருக்கிறது.

ஆகவே, இங்கே கட்டட வேலையையும் ஆட்களைச் சேர்க்கும் வேலையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. பலப்படுத்திய ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான ஒரு மனிதர் இருந்தால்தான் அது தேவைப்படும் நேரத்தில் உதவும். இந்த அத்தியாயம் குடியிருப்போர் சங்கங்களுக்கும், நிவாரணப் பணியாளர்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் பொறியாளர்களுக்கும் எழுதப்பட்டது. 2022 பிப்ரவரி 24 முதல் முழு அளவிலான போரைச் சந்தித்துவரும் உக்ரைன் நகரங்களே இதற்கு முதன்மையான பாடம். தேவையான இடங்களில் சரயேவோவும் இஸ்ரேலும் வருகின்றன.

1. எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்க முடியாது

முதலில் வரம்பைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2023 ஜனவரி 14 அன்று தினிப்ரோ நகரில் ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின்மேல் கப்பல்களைத் தாக்குவதற்கென உருவாக்கப்பட்ட கனரக ஏவுகணை விழுந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி தரைவரை சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தகைய நேரடித் தாக்குதலைத் தாங்கும்படி ஒரு பழைய குடியிருப்பை மாற்றியமைக்க முடியாது. முடியும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒரு கட்டடத்தின்மேல் குண்டு விழும்போது சுற்றிலும் உள்ள பல கட்டடங்கள் அதன் அதிர்வலையையும் சிதறல்களையும் வாங்குகின்றன. அங்கே ஆட்களைக் காயப்படுத்துவது பறக்கும் கண்ணாடி, உலோகச் சிதறல், பிடுங்கிக்கொண்டு விழும் ஜன்னல் சட்டம், தீ ஆகியவை. அதற்குப் பின்னால் இருட்டும் குளிரும் தண்ணீரின்மையும் வருகின்றன. இவை ஒவ்வொன்றையும் கணிசமாகக் குறைக்க முடியும். அதற்கான செலவும் ஒரு சங்கத்தின் கைக்கு எட்டக்கூடியதே.

2. உங்கள் கட்டடத்தை அறிந்துகொள்ளுங்கள்

உக்ரைன் நகரங்களில் மூன்று வகைக் கட்டடங்களைப் பரவலாகக் காணலாம். 1950-களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட, லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் குடியிருப்புகள் ஒரு வகை. ஆலையில் வார்த்த கான்கிரீட் பேனல்களை நிறுத்தி இணைத்த ஒன்பது முதல் பதினாறு மாடிக் கட்டடங்கள் இரண்டாவது. கார்கிவ் நகரின் சால்திவ்கா வட்டாரம் பெரும்பாலும் இப்படி எழுந்ததுதான். தூணும் உத்தரமும் கொண்டு அந்த இடத்திலேயே வார்த்த புதிய கட்டடங்கள் மூன்றாவது வகை.

பேனல் கட்டடத்தின் பலமும் பலவீனமும் இணைப்புகளில் இருக்கின்றன. சுவர் நகர்ந்தால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தளத்துக்குப் பிடிமானம் போய்விடும். லண்டனில் 1968 மே 16 அன்று, ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிப் பேனல் கட்டடத்தில், 18-ஆம் மாடிச் சமையலறை ஒன்றில் கேஸ் வெடித்தது. ஒரு சுவர்ப் பேனல் வெளியே தள்ளப்பட, அந்த மூலையில் இருந்த தளங்கள் மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டு வீடுபோலச் சரிந்தன. நான்கு பேர் இறந்தார்கள். ஓரிடத்தில் நேரும் சேதம் கட்டடம் முழுக்கப் பரவாதபடி வடிவமைக்கவேண்டும் என்ற விதி பல நாடுகளில் அழுத்தம் பெற்றது அதற்குப் பிறகுதான்.

ஆகவே முதல் வேலை, ஒரு கட்டுமானப் பொறியாளரையும் சங்கத்தில் இருவரையும் சேர்த்துக்கொண்டு மொட்டைமாடி முதல் நிலவறைவரை நடப்பது. குறித்துக்கொள்ள வேண்டியவை:

- எந்தச் சுவர்கள் சுமை தாங்குபவை? சமையலறையையும் ஹாலையும் ஒன்றாக்குவதற்காக யாராவது அவற்றில் திறப்பு வெட்டியிருக்கிறார்களா? வெட்டியிருந்தால் முதலில் முட்டுக்கொடுத்து, பிறகு திறப்பைச் சுற்றி எஃகுச் சட்டம் பொருத்தவேண்டும். இது வீட்டுக்காரரின் சொந்த விஷயம் அல்ல. அவருக்கு மேலே இருக்கும் அத்தனை வீடுகளும் அந்தச் சுவரின்மேல் நிற்கின்றன.
- பேனல் இணைப்புகளில் கலவை உதிர்ந்திருக்கிறதா, கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதா?
- கேஸ், தண்ணீர், வெந்நீர், மின்சாரம் ஆகியவற்றின் முதன்மை வால்வும் சுவிட்சும் எங்கே? அடைப்பதற்கு எந்தக் கருவி வேண்டும்?
- கூரைக்கு அடியில் பழைய மெத்தை, மரச்சாமான், டயர் கிடக்கிறதா? வெடிமருந்து சுமந்துவரும் ட்ரோன்கள் மேல்மாடிகளிலும் கூரையிலும் மோதித் தீ மூட்டுகின்றன. அந்த இடத்தைக் காலிசெய்வதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பத்துப் பேரும் போதும்.
- வெளிச்சுவரில் குளிர் தடுப்புக்காக என்ன ஒட்டப்பட்டிருக்கிறது? தெர்மோகோல் பலகை எரியும்; ராக்வுல் எரியாது. எரியக்கூடிய வெளியுறை என்ன செய்யும் என்பதை 2017 ஜூனில் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேரின் மரணம் காட்டியது. புதிதாக ஒட்டுவதென்றால் ராக்வுல்லையே கேளுங்கள்.

இந்தக் குறிப்புகளை ஒரு வரைபடத்தில் பதிந்து, ஒரு பிரதியை நிலவறையிலும் இன்னொன்றைத் தரைத்தளத்தில் உள்ளவரிடமும் வையுங்கள். மீட்புப் படையினர் வந்ததும் முதலில் தேடுவது இதைத்தான்.

3. கண்ணாடி

குறைந்த செலவில் அதிக உயிர் காக்கும் வேலை இது. வெடிப்பின் அழுத்தம் கண்ணாடியை உள்நோக்கிப் பிளந்து கத்திகளாக வீசுகிறது. குறுக்கே காகித டேப் ஒட்டுவது பழைய பழக்கம். அது துண்டுகளைப் பிடித்துவைக்கப் போதாது. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற பொய்யான நிம்மதியை மட்டும் தரும்.

முதல் படி, பாதுகாப்பு ஃபிலிம். குறைந்தது 100 மைக்ரான் தடிமன் இருக்கவேண்டும். 200 மைக்ரானுக்கு அருகில் இருந்தால் நல்லது. கண்ணாடியின் உட்புறத்தில் முழுப் பரப்பிலும் ஒட்டுங்கள். வெயிலைக் குறைக்கும் நிற ஃபிலிம் இதற்குப் பயன்படாது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஃபிலிம் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தாலும், மொத்தக் கண்ணாடியும் ஒரே பலகையாகச் சட்டத்தைவிட்டுப் பறந்து வரலாம். எனவே ஃபிலிமின் ஓரங்களை அலுமினியப் பட்டைகொண்டு சட்டத்தோடு இறுக்குங்கள். சட்டம் சுவரோடு சரியாகத் திருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நுரை மட்டும் அடித்து நிறுத்தப்பட்ட சட்டங்களே முதலில் பிடுங்கிக்கொள்ளும்.

இரண்டாம் படி, உடைந்த ஜன்னலை மாற்றும்போது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியைப் போடுங்கள். எல்லா ஜன்னலுக்கும் கட்டுப்படியாகாவிட்டால், படுக்கையறையின் உட்புறக் கண்ணாடிக்கு மட்டுமாவது போடுங்கள். படிக்கட்டுத் திருப்பங்களில் உள்ள ஜன்னல்களுக்குக் கண்ணாடியே வேண்டாம். அது எல்லோரும் ஓடும் வழி. பாலிகார்பனேட் தாள் பொருத்துங்கள்.

மூன்றாம் படிக்குச் செலவே இல்லை. கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள். ஜன்னலுக்கு எதிரே தொங்கும் கண்ணாடிப் படத்தையும் நிலைக்கண்ணாடியையும் இறக்குங்கள். தடித்த திரையைத் தரைவரை தொங்கவிட்டு இரவில் மூடுங்கள்.

ஜன்னல் உடைந்துவிட்டால் பிளைவுட் அறைவதே உடனடித் தீர்வு. ஆனால் மாதக்கணக்கில் பலகை அடித்த வீட்டில் பகலும் இரவாகிவிடும், சுவரில் பூஞ்சை ஏறும், முதியவர்கள் ஒடுங்கிப்போவார்கள். 1990-களில் முற்றுகையிலிருந்த சரயேவோவில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பிளாஸ்டிக் தாள்கள்தான் ஆண்டுக்கணக்கில் ஜன்னல்களாக இருந்தன. போரில் பெரிதும் சிதைந்த இசியூம் நகரில் தன்னார்வலர்கள் இதையே மேம்படுத்தினார்கள். பி.வி.சி. குழாயால் ஒரு சட்டம், அதன்மேல் காற்றிடைவெளி விட்டுப் பல அடுக்குப் பாலிதீன் தாள், ஓரங்களில் குழாய்க்கு உறையாகப் போடும் நுரை, டக்ட் டேப். வெளிச்சம் வரும், குளிர் குறையும், மறுபடி வெடித்தாலும் கண்ணாடி பறக்காது. ஒரு பிளம்பரும் இரண்டு உதவியாளர்களும் இருந்தால் உங்கள் முற்றத்திலேயே செய்துவிடலாம். போலந்தில் வீடுகளைப் புதுப்பிக்கும்போது கழற்றிய நல்ல ஜன்னல்களைச் சேகரித்து வார்சாவின் பிர்தா அறக்கட்டளை உக்ரைனுக்கு அனுப்பியது. உங்கள் பகுதிக்கு அப்படி ஏதாவது வருமென்றால், ஒவ்வொரு வீட்டின் ஜன்னல் அளவையும் இப்போதே எடுத்து வையுங்கள். பட்டியல் தயாராக இருக்கும் கட்டடத்துக்கு உதவி விரைவில் வந்து சேரும்.

4. இரண்டு சுவர் விதி

உக்ரைனில் சிறுவர்களும் அறிந்த விதி இது. உங்களுக்கும் வெளிக்கும் நடுவில் இரண்டு சுவர்கள் இருக்கட்டும். முதல் சுவர் அடியை வாங்கும். அதைத் தாண்டிவரும் சிதறலை இரண்டாவது நிறுத்தும். நிலவறைக்கு இறங்க முடியாதவர்களுக்கும் இறங்க நேரமில்லாதபோதும் இதுவே கதி. எல்லையோர நகரமான கார்கிவில் சைரனுக்கும் வெடிப்புக்கும் இடையே கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

ஒவ்வொரு வீட்டிலும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தயார்செய்யுங்கள். பெரும்பாலும் அது நடைக்கூடமாக இருக்கும். குளியலறை உள்பக்கமாக இருந்தாலும் சுவர் ஓடுகளும் நிலைக்கண்ணாடியும் உடைந்து சிதறும் என்பதால் அதைத் தவிர்க்கும்படியே பாதுகாப்புத் துறையினர் சொல்கிறார்கள். நடைக்கூடத்தின் மேல்தட்டில் இருக்கும் கனமான பெட்டிகளை இறக்குங்கள். கண்ணாடி பதித்த உட்கதவுகளுக்கு மரப்பலகை போடுங்கள். அலமாரியைச் சுவரோடு திருகுங்கள். ஒரு மெத்தை, தண்ணீர், விசில், டார்ச், காலணி அங்கேயே இருக்கட்டும். கண்ணாடி சிதறிய தரையில் வெறுங்காலோடு ஓடி வெட்டுப்பட்டுக்கொள்வது இந்தக் காலணியால் மட்டுமே தடுக்கப்படும்.

தளத்துக்கு நான்கு வீடுகள் இருந்தால், அவற்றில் எந்த நடைக்கூடம் மிக உள்ளே இருக்கிறது என்று பார்த்து, மற்ற மூன்று வீட்டாரும் அங்கே சேரலாம் என்று பேசி முடிவுசெய்யுங்கள். நள்ளிரவில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்குத் தயக்கம் இருக்கும். முன்பே பேசி வைத்த கதவைத் தட்டுவதில் தயக்கம் இருக்காது.

5. நிலவறையைக் காப்பிடமாக்குதல்

நிலவறை என்பதாலேயே அது காப்பிடமாகிவிடாது. 2022 மார்ச் 9 அன்று இசியூமில் ஒரு குடியிருப்பு தாக்கப்பட்டபோது குறைந்தது 44 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலவறையில் ஒதுங்கியிருந்தவர்கள். மேலே உள்ள மாடிகள் இடிந்து விழும் சுமையைத் தாங்கும்படி இத்தகைய நிலவறைகளின் மேல்தளங்கள் கட்டப்படவில்லை. முறையான காப்பிடங்களையும், இருப்பதைச் சீர்படுத்திய எளிய ஒதுங்குமிடங்களையும் உக்ரைன் விதிகள் வெவ்வேறு வகைகளாகவே பிரிக்கின்றன. நீங்கள் செய்யக்கூடியது பெரும்பாலும் இரண்டாவது வகை. அருகில் மெட்ரோ நிலையமோ முறையான காப்பிடமோ நடந்துசெல்லும் தொலைவில் இருந்தால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

அப்படி எதுவும் இல்லாதபோது, பொறியாளரின் கணக்கோடு செய்யவேண்டியவை:

*மேல்தளத்துக்கு முட்டு.* எஃகு முட்டுகளையோ தடித்த மரக் கால்களையோ தனித்தனியாக நிறுத்தாதீர்கள். மேலேயும் கீழேயும் நீளவாக்கில் எஃகு அல்லது மர உத்தரம் வைத்து, சுமை பரவும்படி நிறுத்துங்கள். கால்கள் சாயாமல் இருக்கக் குறுக்குக் கட்டு அவசியம். நிலவறை முழுவதையும் பலப்படுத்தப் பணமில்லையென்றால், சுமைதாங்கும் சுவர்கள் நெருக்கமாக உள்ள ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் செய்யுங்கள்.

*இரண்டாம் வழி.* ஒரே வாசல் உள்ள நிலவறை இடிபாட்டில் பொறியாகிவிடும். கட்டடத்தின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வழி திறக்கவேண்டும்; அதன் வாய் இடிபாடு விழும் எல்லைக்கு வெளியே இருக்கவேண்டும். கட்டட உயரத்தில் பாதியோடு 3 மீட்டரைக் கூட்டிக்கொள்வது சோவியத் காலக் குடிமைப் பாதுகாப்பு விதிகளின் கணக்கு. 27 மீட்டர் உயரமுள்ள ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு அது 16.5 மீட்டர். அவ்வளவு நீளச் சுரங்கம் தோண்ட இயலாதபோது, பக்கத்துப் பிரிவின் (தனி வாசலும் படிக்கட்டும் கொண்ட கட்டடப் பகுதியின்) நிலவறைக்குச் சுவரில் திறப்பு வெட்டி, எஃகுச் சட்டமிட்டு, இரும்புக் கதவு பொருத்தினால் ஒரு பிரிவு இடிந்தாலும் அடுத்ததன் வழியாக வெளியேறலாம். வெளிப்புறம் திறக்கும் கதவுக்கு முன்னால் இடிபாடு விழுந்தால் அது திறக்காது. ஆகவே இரண்டாம் வழியின் மூடி உட்புறமாகத் திறக்கட்டும்.

*குழாய்கள்.* பல நிலவறைகளில் வெந்நீர்க் குழாய்கள் தலைக்குமேல் ஓடுகின்றன. அவை உடைந்தால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். ஆட்கள் உட்காரும் பகுதியைக் குழாய்களிலிருந்து சுவரால் பிரியுங்கள். அடைக்கும் வால்வு, உள்ளிருந்தே கைக்கு எட்டவேண்டும். கேஸ் குழாய் ஓடும் அறையை ஒதுங்குமிடமாகவே எடுக்காதீர்கள்.

*காற்று.* எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தரையருகிலும் மற்றொன்று கூரையருகிலுமாக இரண்டு காற்றுவழிகள் வேண்டும். வெளிப்புறத்தில் சிதறல் நேராக நுழையாதபடி மறைப்புச் சுவர் எழுப்புங்கள். நிலவறை ஜன்னல்களை மணல்மூட்டையால் மூடும்போது காற்றுவழியையும் சேர்த்து மூடிவிடக் கூடாது.

*தண்ணீர்.* ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் உணவுக்கும் 2.5 முதல் 3 லிட்டர்வரை என்று நிவாரண அமைப்புகளின் ஸ்ஃபியர் கையேடு கணக்கிடுகிறது. ஒரு பிரிவில் 36 வீடுகள், 80 பேர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 240 லிட்டர். இரண்டு நாளுக்கு 20 லிட்டர் கேன்கள் 24 வேண்டும். மாதமொருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

*கழிப்பறை.* திரையால் மறைத்த மூலை, மூடியுள்ள வாளி, தடித்த பைகள், மரத்தூள் அல்லது சுண்ணாம்பு. இது இல்லாத நிலவறைக்குப் பெண்களும் முதியவர்களும் வரமாட்டார்கள்; வந்தாலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள்.

*கருவிகள்.* கடப்பாரை, மண்வெட்டி, கோடாரி, ரம்பம், சம்மட்டி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, குருதியை நிறுத்தும் டூர்னிகே. இவை உள்ளேயே இருக்கவேண்டும். வெளியே பூட்டிய அறையில் இருக்கும் கடப்பாரை, உள்ளே சிக்கியவருக்கு உதவாது.

*அடையாளம்.* ஆரஞ்சு நிறப் பின்னணியில் நீல முக்கோணம், 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை வகுத்த குடிமைப் பாதுகாப்புச் சின்னம். உள்ளூர் அதிகாரிகளின் அனுமதியோடு பொறியுங்கள். அந்தக் கட்டடத்திலும் முற்றத்திலும் ஆயுதமோ படைத் தளவாடமோ வைக்க இடம்கொடுக்காதிருப்பது, சுவரைப் பலப்படுத்துவதைப் போலவே முக்கியமான காப்பு.

6. சாவி

2023 ஜூன் 1 அதிகாலையில் கீவ் நகரின் தெஸ்னியான்ஸ்கி வட்டாரத்தில் ஒரு மருத்துவமனைக் காப்பிடத்தின் கதவு திறக்கவில்லை. வெளியே நின்றவர்களில் ஒரு சிறுமி உட்பட மூவர் ஏவுகணைச் சிதறல்களால் இறந்தார்கள். அதன்பின் நாடு முழுவதும் காப்பிடங்களைச் சோதிக்க அரசு உத்தரவிட்டது. கான்கிரீட் இருந்தது, கதவு இருந்தது. திறக்கவேண்டிய நேரத்தில் அது திறக்கவில்லை.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நிலவறைச் சாவி குறைந்தது ஐந்து வீடுகளில் இருக்கவேண்டும்: தரைத்தளத்தில் இரண்டு, நடுமாடியில் இரண்டு, மேல்மாடியில் ஒன்று. ஊருக்குப் போகிறவர் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டே போகவேண்டும். சாவி இருக்கும் வீட்டு எண்களைக் கதவின்மேல் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இதைவிட நல்லது, எச்சரிக்கை அறிவிக்கப்பட்ட நேரங்களிலும் இரவுகளிலும் பூட்டே போடாதிருப்பது. பொருள் திருடு போகும் என்று தயங்குவார்கள். அவர்களிடம் நிலவறையில் தனிச் சாமான்களை வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். வாரம் ஒருநாள், குறித்த ஒருவர், கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டு, பதிவேட்டில் கையெழுத்திடட்டும்.

வீதியில் போகிறவருக்கும், இடம்பெயர்ந்து வந்து வாடகைக்கு இருப்பவருக்கும், வேற்று மொழி பேசுபவருக்கும் கதவு திறந்திருக்கவேண்டும் என்பதைச் சங்கத்தின் தீர்மானமாகவே எழுதிவையுங்கள். நாய், பூனை வரலாமா என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். வளர்ப்புப் பிராணியை விட்டுவர மனமில்லாமல் மேலேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு.

7. வெளிச்சம், சூடு, லிஃப்ட்

2022 அக்டோபர் 10 முதல் உக்ரைனின் மின்கட்டமைப்பின்மேல் தொடர் தாக்குதல்கள் தொடங்கின. அந்தக் குளிர்காலத்தில் கீவ் நகரவாசிகள் லிஃப்டுக்குள் சிறு பெட்டி வைத்தார்கள். தண்ணீர், பிஸ்கட், மாத்திரை, டார்ச். நடுவழியில் மின்சாரம் நின்றால் சிக்கிக்கொண்டவருக்கு அது துணை. நீங்களும் வையுங்கள். வசதியிருந்தால், மின்சாரம் நின்றதும் அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுசேர்த்துக் கதவைத் திறக்கும் பேட்டரிக் கருவியைப் பொருத்துங்கள். சைரன் ஒலித்தபின் யாரும் லிஃப்டில் ஏறக் கூடாது.

பொது வெளிச்சத்துக்கு எளிய கணக்கு: ஒன்பது தளங்களுக்கு 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒவ்வொன்று, இரவில் 10 மணிநேரம் எரிந்தால் 900 வாட்-மணி. 15 வாட் இணைய ரூட்டர் நாள் முழுதும் ஓடினால் 360. மொத்தம் 1,260. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான், அதாவது 600 வாட்-மணியைத்தான், பாதுகாப்பாக எடுக்கலாம். ஆகவே மூன்று வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் இரண்டு போதும். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அதை ஆட்கள் தூங்கும் நிலவறையில் வைக்காதீர்கள்.

ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, எந்த ஜன்னலிலிருந்தும் 6 மீட்டருக்குக் குறையாத தொலைவில் நிற்கவேண்டும். பால்கனி, படிக்கட்டு, நிலவறை மூன்றும் கூடவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். அடுப்பு, ஹீட்டர் எரியும் ஒவ்வோர் அறையிலும் அதற்கான எச்சரிக்கைக் கருவி வேண்டும்.

குளிர்நாட்டில் இன்னொரு ஆபத்து குழாய்க்குள் இருக்கிறது. 2006 ஜனவரியின் கடுங்குளிரில், கிழக்கு உக்ரைனின் அல்செவ்ஸ்க் நகரில், முதன்மை வெந்நீர்க் குழாய் உடைந்து நகரின் வெப்பமூட்டல் நின்றது. குழாய்களிலும் ரேடியேட்டர்களிலும் தேங்கிய தண்ணீர் உறைந்து அவற்றைப் பிளந்தது. அது போரில்லாக் காலம். போரில் வெப்பம் நின்றால் சில மணிநேரத்துக்குள் குழாய்களை வடிக்கவேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். எந்த வால்வை எந்த வரிசையில் திறப்பது என்பதை ஒவ்வொரு பிரிவிலும் மூவராவது பிளம்பரிடம் கற்று, கையால் செய்துபார்த்திருக்கவேண்டும். வால்வுகளில் எண் எழுதிய தகடு தொங்கட்டும்.

தரைத்தளத்தில் ஓர் அறையைப் பொது அறையாக்குங்கள். அடுப்பு, சார்ஜ் செய்யும் பலகை, இணையம், வெந்நீர், நாற்காலிகள். 2022 நவம்பர் முதல் உக்ரைன் அரசு நாடு முழுக்கத் திறந்த 'தளராமை மையங்கள்' இந்த எண்ணத்தில் அமைந்தவை. கட்டடத்துக்குள்ளேயே ஒன்று இருந்தால், தெருவைக் கடக்க முடியாதவர்களுக்கும் அது கிடைக்கும்.

8. ஆட்களின் அமைப்பு

தளத்துக்கு ஒரு பொறுப்பாளர். அவர் இல்லாதபோது ஒரு மாற்று. அவருக்குத் தெரிந்திருக்கவேண்டியவை நான்கு: இன்றிரவு யார் வீட்டில் இருக்கிறார்கள், யாரால் தனியே இறங்க முடியாது, யாருக்கு இன்சுலினோ ஆக்சிஜனோ வேண்டும், யார் மருத்துவரோ எலக்ட்ரீஷியனோ கொத்தனாரோ. இறங்க முடியாத ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்களை ஒதுக்குங்கள். தரைத்தளத்தில் காலியாக இருக்கும் வீட்டின் உரிமையாளரிடம் பேசி, மேல்மாடி முதியவர்களைப் போர்க்காலத்துக்கு அங்கே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில் இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு வேறில்லை.

இந்தப் பட்டியலைத் தாளில் மட்டும் எழுதிப் பொறுப்பாளரிடம் வையுங்கள். தொலைபேசிக் குழுவில் போடாதீர்கள். ஊர் கைமாறினால், யார் எங்கே இருக்கிறார் என்ற பட்டியலே ஆபத்தாகிவிடும். குண்டு விழுந்த இடத்தின் படத்தை உடனே பகிர்வதும் அடுத்த தாக்குதலுக்கு வழிகாட்டும்.

சரயேவோவில் 1992 முதல் 1996 பிப்ரவரிவரை நீடித்த முற்றுகையின்போது, முன்னணிக்கு மிக அருகிலிருந்த தோப்ரின்யா வட்டாரத்தில் குழந்தைகள் பள்ளிக்குப் போக வழியில்லை. ஆசிரியர்கள் அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளிலேயே வகுப்பு நடத்தினார்கள். கார்கிவில் 2023 இலையுதிர்காலத்தில் மெட்ரோ நிலையங்களில் வகுப்பறைகள் திறக்கப்பட்டன. உங்கள் நிலவறையிலும் ஒரு சுவருக்கு வெள்ளையடித்துக் கரும்பலகை மாட்டுங்கள். பகலில் பிள்ளைகள் படித்த இடத்துக்கு இரவில் அவர்கள் அஞ்சாமல் வருவார்கள். தினமும் புழங்கும் இடத்தில் விளக்கு எரியும், ஈரம் காயும், பழுது உடனுக்குடன் தெரியவரும்.

9. பணமும் நியாயமும்

1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளைச் சந்தித்தபின், புதிய வீடு ஒவ்வொன்றிலும் கான்கிரீட் சுவரும் எஃகு ஜன்னலும் கொண்ட காப்பறை வேண்டும் என்று இஸ்ரேல் விதித்தது. மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக அந்த அறைகள் வருவதால் அவை தரையிலிருந்தே எழும் கோபுரமாகின்றன. 2005-இல் வந்த தமா 38 திட்டம், நிலநடுக்கத்துக்காகப் பழைய கட்டடங்களைப் பலப்படுத்தும்போது இந்த அறைகளைச் சேர்க்கவும் வழிசெய்தது. செலவுக்கு வழி, கூடுதல் மாடிகள் கட்டி விற்பது. அதனால் நிலம் விலையேறிய டெல் அவிவ் பகுதியில் வேலை வேகமாக நடந்தது. விலை குறைந்த எல்லைப்புற ஊர்களில் கட்டுநர்கள் ஆர்வம் காட்டவில்லை. ஆபத்து அதிகமுள்ள இடத்துக்குக் காப்பு குறைவாகவே போய்ச்சேர்ந்தது.

உங்கள் கட்டடத்துக்குள்ளும் இதே அநியாயம் நேரலாம். பணமுள்ளவர் தன் வீட்டுக்கு உயர்தரக் கண்ணாடி போட்டுக்கொள்வார். பொதுப் படிக்கட்டு அப்படியே இருக்கும். ஆகவே பொது வழி, நிலவறை, தனியாக வாழும் முதியவர்களின் ஜன்னல் ஆகிய மூன்றும் பொது நிதியில் முதலில் முடியட்டும். உக்ரைனில் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்த உரிமையாளர் சங்கங்களுக்கே எரிசக்தித் திறன் நிதியத்தின் உதவித் திட்டங்கள் வாய்த்தன. உங்கள் நாட்டிலும் பதிவும் வங்கிக் கணக்கும் கூட்டக் குறிப்பும் இருந்தால்தான் அரசோ அமைப்போ உதவும். வரவுசெலவை மாதந்தோறும் வாசலில் ஒட்டுங்கள்.

10. தாக்குதலுக்குப் பின்

கேஸையும் மின்சாரத்தையும் அடைத்து, ஆட்களை எண்ணுங்கள். தெரியாத உலோகப் பொருளைத் தொடாதீர்கள். இடத்தைக் குறித்து, தடுத்து, அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். அதே இடத்தில் மறுபடியும் தாக்குதல் வரலாம் என்பதால் கூட்டம் சேரவேண்டாம். பேனல் இணைப்பில் புது இடைவெளி, வெளியே உப்பிய சுவர், சாய்வாக ஓடும் புது வெடிப்பு, நேற்றுவரை திறந்து இன்று இறுகிய கதவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பொறியாளர் பார்க்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. சேதங்களைத் தேதியோடு படமெடுத்துச் சேமியுங்கள். இழப்பீட்டுக்கு அது தேவைப்படும்.

வேலை வரிசை

*முதல் வாரம்:* சாவிகளைப் பங்கிடுதல். தளப் பொறுப்பாளர்கள். கட்டில்களை நகர்த்துதல். நடைக்கூடங்களைத் தேர்ந்தெடுத்தல். கூரையடியைக் காலிசெய்தல். வால்வுகளுக்கு எண். லிஃப்டில் பெட்டி.

*முதல் மாதம்:* பொறியாளரோடு நடை. ஜன்னல் அளவுகள். முதியவர் வீடுகளிலிருந்து தொடங்கி ஃபிலிம். படிக்கட்டில் பாலிகார்பனேட். நிலவறைக்குத் தண்ணீர், கருவி, கழிப்பறை. பேட்டரி விளக்கு. இரவில் ஓர் ஒத்திகை.

*முதல் பருவம்:* முட்டு, இரண்டாம் வழி, காற்றுவழி. வெட்டிய சுவர்களுக்கு எஃகுச் சட்டம். பொது அறை. குழாய் வடிக்கும் பயிற்சி. சங்கப் பதிவு.

ஒத்திகையில் கடைசி மனிதர் நிலவறையை அடைய எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறியுங்கள். சராசரி நேரம் வேண்டாம். கடைசியாக வந்தவரின் நேரமே உங்கள் கட்டடத்தின் உண்மையான நிலை. அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அந்த ஒருவர் ஏன் தாமதமானார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: படியில் கைப்பிடி இல்லையா, காதில் சைரன் விழவில்லையா, தூக்கிவர வேண்டியவர் வெளியூர் போய்விட்டாரா? காரணத்தைச் சரிசெய்தபின் மறுபடி ஒத்திகை நடத்துங்கள்.